சனிக்கிழமை விமானம்: செயின்ட் ஹெலினாவில் எட்டு நாள்

முதல் நாள், சனி

வந்து சேர்ந்துவிட்டேன். ராத்திரி ஒன்பது மணி. ஜேம்ஸ்டவுன் என்கிற இந்தச் சின்ன ஊரில் ஒரு அம்மாவின் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் பாறை மலை, இந்தப் பக்கமும் பாறை மலை, நடுவில் ஒரு துண்டு வானம். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது.

எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். தென் அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,950 கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. பரப்பு 121 சதுர கிலோமீட்டர், நம் சென்னை மாநகராட்சியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மக்கள் 4,400 பேர் சொச்சம். பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளில் ஒன்று. நெப்போலியனை அடைத்து வைத்த தீவு என்றால் எல்லோருக்கும் புரியும்.

நான் வந்தது நெப்போலியனுக்காக இல்லை. அப்பா திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ரயில் தபால் சேவை. ஓடுகிற ரயிலில் கடிதங்களைப் பிரித்து, பையில் போட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, சீட்டு கோர்த்து, அரக்கு முத்திரை வைக்கிற வேலை. அவர் விரலில் சணல் அறுத்த தழும்புகள் கடைசிவரை இருந்தன. தபால்தலை சேர்ப்பார். அந்த ஆல்பத்தில் செயின்ட் ஹெலினா தபால்தலை ஒன்று இருந்தது, ராணி தலையும் ஒரு கப்பலும். "இது எங்கப்பா இருக்கு?" என்று கேட்டால், "தபாலை நம்பிப் பொழைக்கிற ஊருடா" என்பார். அப்போது அர்த்தம் புரியவில்லை. ரொம்ப வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டபோது அவர் இல்லை. அதிலிருந்து மனதில் இருந்த பயணம் இது.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வாரத்துக்கு ஒரு விமானம், சனிக்கிழமை. வழியில் நமீபியாவில் எரிபொருள் நிரப்பிக்கொள்கிறார்கள். ஏனென்றால் இங்கே காற்று சரியில்லை என்றால் இறங்காமல் திரும்பிப் போகும் அளவுக்கு எரிபொருள் கையில் இருக்கவேண்டும், பக்கத்தில் இறங்க வேறு ஊர் கிடையாது. மணிக்கணக்காக வெறும் கடல். அப்புறம் திடீரென்று செங்குத்தான கறுப்புப் பாறைச் சுவர், அதன் தலையில் ஓடுதளம். இறங்கும்போது விமானம் இரண்டு தடவை பக்கவாட்டில் உதறியது. முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி முழங்காலில் வைத்திருந்த கேக் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், வேறு எதையும் பிடிக்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். அவர்களெல்லாம் ஊர் திரும்புகிறவர்கள்.

குடியேற்றப் பிரிவில் முதலில் கேட்டது மருத்துவக் காப்பீட்டுப் பத்திரம். ஆபத்து என்றால் தீவை விட்டு வெளியே கொண்டுபோகும் செலவும் அதில் அடங்கியிருக்க வேண்டும். இங்கே ஒரு மருத்துவமனை இருக்கிறது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் தென்னாப்பிரிக்காவுக்குத்தான் போகவேண்டும்.

இரண்டாம் நாள், ஞாயிறு

கடைகள் மூடியிருக்கின்றன, ஊர் அமைதி. நடந்தே பார்த்தேன்.

ஜேம்ஸ்டவுன் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் கடலுக்கு முகம் காட்டி நீளமாகப் படுத்திருக்கிற ஊர். கடற்பக்கம் கோட்டைச் சுவர், அதில் ஒரு வளைவு வாசல், அதைத் தாண்டினால் தேவாலயம், நீதிமன்றம், சிறைச்சாலை, கடைத்தெரு, எல்லாம் இருநூறு முந்நூறு வருடத்துக் கட்டடங்கள். எதிரே வருகிற எல்லா வண்டியிலிருந்தும் கை அசைக்கிறார்கள். முதலில் தெரிந்தவர் என்று நினைத்து என்னைப் பார்த்துவிட்டார்களோ என்று யோசித்தேன். பத்தாவது வண்டிக்குப் பிறகு நானும் அசைக்க ஆரம்பித்தேன். இங்குள்ளவர்கள் தங்களைச் 'செயின்ட்ஸ்' என்று சொல்லிக்கொள்கிறார்கள், அதாவது புனிதர்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கிறது.

ஊரின் மேற்கு மலையில் ஏணி மாதிரி நேராக ஏறுகிறது ஜேக்கப் ஏணி. 699 படி, சுமார் 180 மீட்டர் உயரம். 1829இல் இதை அமைத்தபோது மேலே உள்ள கோட்டைக்குச் சரக்கு இழுக்கிற தண்டவாளப் பாதை இது. மரவேலை எல்லாம் கரையான் தின்றுவிட, 1871இல் வெறும் படிக்கட்டாகக் கட்டினார்கள். அந்தக் கரையான் வந்த கதை முக்கியம். 1840களில் கடற்படை பிடித்துவந்த ஒரு அடிமைக் கப்பலை இங்கே உடைத்தார்கள், அந்த மரத்தோடு கரையிறங்கியது கரையான். கூரை, கதவு, நூலகப் புத்தகம் என்று ஊரையே அரித்துத் தள்ளியது. அந்தக் கப்பல்களைப் பற்றி வியாழக்கிழமை எழுதுகிறேன், அந்த இடத்துக்கு அன்றுதான் போகிறேன்.

படி ஏறி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மேலேயிருந்து பார்த்தால் தீவின் அமைப்பு கொஞ்சம் பிடிபடுகிறது. இது ஒரு செத்துப்போன எரிமலை. கடைசியாகக் கக்கி 70 லட்சம் வருடம் ஆகியிருக்கும் என்கிறார்கள். கரையோரம் முழுக்க பொட்டல், கற்றாழையும் கல்லும். ஆனால் உள்ளே நடுமுகடு ஏறக்குறைய 820 மீட்டர் உயரத்துக்குப் போய் தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்கே பச்சை, ஈரம், குளிர். காரில் இருபது நிமிடத்தில் ராமநாதபுரத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போன மாதிரி இருக்கும். தீவின் குடிநீரில் பெரும்பங்கு அந்த மேகத்திலிருந்து வருவதுதான்.

மூன்றாம் நாள், திங்கள்

இன்றைக்கு அரசாங்கம் பார்க்கும் நாள் என்று வைத்துக்கொண்டேன். ஊர் வாசலின் வளைவு மேல் இருக்கிற சின்னம் யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தால் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது! உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கம்பெனிதான் 1659இல் இங்கே வந்து ஜேம்ஸ் கோட்டையைக் கட்டியது. போர்த்துக்கீசியர் 1502இல் கண்டுபிடித்தபோது மனிதர் யாரும் இல்லாத தீவு. மதராசிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் துணியும் மிளகும் ஏற்றிக்கொண்டு லண்டன் திரும்புகிற கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் மாட்டிறைச்சியும் கொடுப்பதுதான் இதன் வேலை. 1834 வரை கம்பெனி ஆட்சி, அதன் பிறகு பிரிட்டிஷ் அரசு. நல்ல காலத்தில் வருடம் ஆயிரம் கப்பல் வரை வந்து நின்றதாம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பல்கள் வேறு வழியில் போய்விட்டன. தீவு செய்த தப்பு ஒன்றும் இல்லை, எகிப்தில் யாரோ மண் தோண்டினார்கள்.

அதே கோட்டையில்தான் இன்றும் அரசு அலுவலகமும் சட்டமன்றமும். பூங்கா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். 12 உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், தீவு முழுக்க ஒரே தொகுதி, கட்சி கிடையாது. 2021இலிருந்து அமைச்சரவை முறை வந்திருக்கிறது. முதல் தலைமை அமைச்சராக ஜூலி தாமஸ் வந்தார். அதற்கு மேலே லண்டன் நியமிக்கிற ஆளுநர். வெளியுறவு, பாதுகாப்பு, காவல்துறை எல்லாம் அவர் பொறுப்பு. இந்த ஆளுநருக்கு இங்கிருந்து 1,300 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கிற அசென்ஷனும், 2,400 கிலோமீட்டர் தெற்கே இருக்கிற ட்ரிஸ்டன் ட குன்யாவும் சேர்ந்து ஒரே ஆட்சிப்பகுதி. தூரத்தை யோசித்துப் பாருங்கள், சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாக்பூரையும் தாண்டி ஒரு ஊரையும், மறுபக்கம் பூமத்திய ரேகையைத் தாண்டி ஒரு ஊரையும் ஆள்கிற மாதிரி. அந்த இரண்டு தீவுகளிலும் பிரிட்டன் படை வைத்ததற்கே காரணம் நெப்போலியனை யாரும் மீட்டுக்கொண்டு போய்விடக்கூடாது என்ற பயம்தான்.

"எங்கள் மன்றத்தில் ஒருவர் பேசினால், மறுநாள் கடையில் அவரைப் பிடித்து ஏன் அப்படிப் பேசினாய் என்று கேட்கலாம். லண்டனில் பேசுகிறவரை எந்தக் கடையில் பிடிப்பது?" என்று கேட்டார் ஆசிரியர். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்தவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள், செவ்வாய்

லாங்வுட் மாளிகை. நெப்போலியன் 1815 டிசம்பர் முதல் 1821 மே 5இல் சாகும்வரை இருந்த வீடு. இதைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் சுருக்கமாக. வீட்டையும் கல்லறை இருந்த பள்ளத்தாக்கையும் 1858இல் பிரான்ஸ் வாங்கிவிட்டது, இன்றும் மேலே பிரெஞ்சுக் கொடிதான் பறக்கிறது. குளிர், ஈரம், ஓயாத காற்று. ஜன்னல் பலகையில் அவர் தொலைநோக்கிக்காகப் போட்ட ஓட்டை என்று காட்டுகிறார்கள்.

என்னை நிறுத்தியது கல்லறைதான். உடலை 1840இல் பாரிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், வெறும் கல் கிடக்கிறது. அந்தக் கல்லில் ஓர் எழுத்து கிடையாது. 'நெப்போலியன்' என்று மட்டும் பொறிக்கவேண்டும் என்றார்கள் கூட இருந்த பிரெஞ்சுக்காரர்கள், அது மன்னருக்குரிய முறை. 'நெப்போலியன் போனபார்ட்' என்றுதான் பொறிக்கவேண்டும் என்றார் ஆளுநர் ஹட்சன் லோ. இரண்டு பேரும் இறங்கிவரவில்லை, கல் வெறுமையாகவே போயிற்று.

லாங்வுட் தயாராகும்வரை அவர் இரண்டு மாதம் தங்கியது பிரையர்ஸ் என்ற வீட்டுத் தோட்டத்தில். பத்து வருடம் முன்னால், 1805இல், மதராசிலிருந்து கப்பலேறி ஊர் திரும்பிய ஆர்தர் வெல்லஸ்லி இதே பிரையர்ஸில் தங்கியிருக்கிறார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்த பிறகு அந்த ஊரை ஆண்டவர், பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். ஒரே தோட்டம்.

ஐந்தாம் நாள், புதன்

இதற்காகத்தான் வந்தேன்.

காலையில் வாடகைக் கார்காரர், எழுபத்தைந்து வயதுப் பெரியவர், தீவின் நடு முகடான டயானா சிகரத்தின் அடிவாரம்வரை கூட்டிப்போனார். வளைவில் எதிரே இறங்கிவந்த வண்டி நின்று ஒதுங்கியது. இங்கே மேலேறும் வண்டிக்குத்தான் வழி, அது விதி. சரிவு முழுக்க ஆளுயரத்துக்கு வாள் வாளாக இலை நீட்டிக்கொண்டு ஒரு செடி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. "இதுதான் ஃப்ளாக்ஸ்" என்று வண்டியை நிறுத்தினார்.

நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த நார்ச் செடி. நம் கற்றாழை நார் மாதிரி இலையிலிருந்து நார் எடுப்பார்கள். 1907இல் அரசாங்கமே ஆலை வைத்தது, அதன் பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. அறுபது வருடம் தீவின் ஒரே பெரிய தொழில். காடு, மேய்ச்சல் நிலம் எல்லாம் இதற்காக அழிந்தது. நாராகவும் கயிறாகவும் சணலாகவும் இங்கிலாந்துக்குப் போகும். மிகப்பெரிய வாடிக்கை பிரிட்டிஷ் தபால் துறை, கடிதக்கட்டு கட்ட.

"தபாலை நம்பிப் பொழைக்கிற ஊருடா."

பெரியவர் பதினாலு வயதில் ஆலையில் சேர்ந்திருக்கிறார். வெட்டிய இலையைக் கழுதை முதுகில் ஏற்றிவருவார்கள், ஆலையில் இயந்திரம் இலையை அடித்துச் சதையை உரித்துத் தள்ளும், பச்சைத் தண்ணீர் ஓடையில் நுரைத்துக்கொண்டு போகும், நாரைப் புல்வெளியில் பரப்பிக் காயவைப்பது பையன்கள் வேலை. வெயிலில் காயும்போது மலைச்சரிவே வெள்ளையாக, தலைமுடி உலர்த்தின மாதிரி இருக்குமாம். சொல்லிக்கொண்டே ஒரு இலையை ஒடித்து, நகத்தால் நீளமாகக் கிழித்து, உள்ளே இருந்த நாரை இழுத்து எடுத்தார். தொடையில் வைத்து உள்ளங்கையால் இரண்டே உருட்டு, ஒரு சாண் கயிறு. என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். முழு பலத்தோடு இழுத்தேன், அறவில்லை. விரலில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டை நான் சின்ன வயதில் தினமும் வேறொருவர் கையில் பார்த்திருக்கிறேன்.

1960களின் நடுவில் தபால் துறை செயற்கை இழைக்கு மாறியது. அது மலிவு. 1966இல் கடைசி ஆலையும் மூடியது. லண்டனில் ஒரு அலுவலகத்தில் சணல் வாங்குவதைப் பற்றி எடுத்த ஒரு முடிவு, இங்கே ஒரு தீவின் தொழில் முடிந்தது. அந்த முடிவை எடுத்தவர் மோசமானவராக இருந்திருக்கமாட்டார், இந்த மலை அவர் நினைவுக்கு வந்திருக்கவே வாய்ப்பில்லை, எனக்கு ஆறமாட்டேன் என்கிறது அதுதான். பெரியவர் அடுத்த வருடமே அசென்ஷனுக்குக் கப்பலேறினார். அப்போதுதான் அங்கே பி.பி.சி. வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் தொடங்கியிருந்த நேரம், ஆள் தேவைப்பட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றுவரை இங்கே வளர்கிற பிள்ளை படிப்பு முடிந்ததும் அசென்ஷனுக்கோ ஃபாக்லாந்துக்கோ இங்கிலாந்துக்கோ போவது வழக்கமாகிவிட்டது. அனுப்புகிற பணத்தில் வீடு கட்டுகிறார்கள். கட்டிய வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள்.

மேலே மேகத்துக்குள் நடந்துபோனேன். ஃப்ளாக்ஸை வெட்டி அகற்றிவிட்டு, இந்த மலைக்கே உரிய பெரணி மரங்களையும் முட்டைக்கோஸ் மரம் என்று இவர்கள் சொல்கிற மரங்களையும் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் சுமார் 500 இந்தத் தீவில் உண்டு. செயின்ட் ஹெலினா ஆலிவ் மரம் 2003இல் அற்றுப்போனது, கருங்காலி என்று இவர்கள் சொல்கிற மரம் ஒன்று அழிந்தது என்றே நினைத்திருந்தபோது 1980இல் ஒரு செங்குத்துப் பாறையில் இரண்டே இரண்டு செடியாகக் கிடைத்தது. நான் பார்த்தபோது நாலு பெண்கள் முழங்கால்வரை சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்றையும் நட்டுவிட்டு மண்ணை இரண்டு கையாலும் ஒருமுறை அழுத்துகிறார்கள், நம் ஊரில் நடவு முடிந்து வாழைக்கன்றை அழுத்துகிற மாதிரியே. இந்தக் காடு இருந்தால்தான் மேகம் நிற்கும், மேகம் நின்றால்தான் குழாயில் தண்ணீர்.

ஆறாம் நாள், வியாழன்

ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு, ஜேம்ஸ்டவுனுக்கு அடுத்த பள்ளத்தாக்கு. தீவின் பொருளாதாரம் முழுக்க இங்கேதான் கரையேறுகிறது: சரக்குக் கப்பல் வந்து நிற்கும் துறை, எண்ணெய்க் கிடங்கு, மின் நிலையம். கடலடி இணையக் கம்பியும் 2021இல் இங்கேதான் கரைதொட்டது. ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த நிதியில் எக்வியானோ என்ற பெரிய கம்பியிலிருந்து ஒரு கிளை பிரித்து இழுத்தார்கள். 2023 அக்டோபரில் அது வேலைசெய்யத் தொடங்கும்வரை தீவு முழுக்க செயற்கைக்கோளை நம்பியிருந்தது. செல்பேசியே 2015இல்தான் வந்தது.

கேப் டவுனிலிருந்து கப்பல் வந்தால்தான் கடை நிறையும். இந்த வாரம் கப்பல் தாமதம், ஊரில் உருளைக்கிழங்கு கிடையாது. வெங்காயம் வந்தால் எடுத்துவைக்கச் சொல்லி ஒருவர் கடையில் பெயர் கொடுத்ததைப் பார்த்தேன். விலை அதிகம், சம்பளமோ இங்கிலாந்தில் கிடைப்பதைவிட ரொம்பக் குறைவு. சொந்த நாணயம் இருக்கிறது, செயின்ட் ஹெலினா பவுண்டு, பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சரிசமம். ஒரே வங்கி. அரசு செலவில் பாதிக்கு மேல் லண்டன் உதவித்தொகை. தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கிற சூரை மீன், 1733இல் யேமனிலிருந்து விதை கொண்டுவந்து பயிரான காப்பி, தபால்தலை விற்பனை, சுற்றுலா, இவ்வளவுதான் சொந்த வருமானம்.

சுற்றுலா வரும் என்று நம்பித்தான் பிரிட்டன் 28.5 கோடி பவுண்டு செலவில் விமான நிலையம் கட்டியது. ஒரு முழுப் பள்ளத்தாக்கை 80 லட்சம் கன மீட்டர் பாறை போட்டு நிரப்பி ஓடுதளம் போட்டார்கள். 2016இல் திறக்கப்போகும் நேரத்தில், மலைமுகட்டுக் காற்று சட்டென்று திசை மாறுவது பெரிய விமானங்களுக்கு ஆபத்து என்று தெரிந்தது. லண்டன் பத்திரிகைகள் உலகிலேயே உபயோகமற்ற விமான நிலையம் என்று கேலி பேசின. 2017 அக்டோபர் 14இல் சின்ன விமானத்தோடு சேவை தொடங்கியது. அடுத்த பிப்ரவரியில், அதுவரை தீவின் ஒரே உயிர்நாடியாக இருந்த ராயல் மெயில் கப்பல் ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா கடைசியாகக் கிளம்பிப் போயிற்று. ஆம், அதுவும் ஆர்.எம்.எஸ்.தான். கேப் டவுனிலிருந்து ஐந்து நாள் பயணம். அந்த நாளில் கரையில் நின்று அழாதவர் இல்லை என்று வீட்டு அம்மா சொன்னார். கேலி பேசியவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மாரடைப்பு வந்தவரை ஐந்து நாள் கப்பலில் கொண்டுபோன ஊருக்கு விமானம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த விமான நிலையத்துக்குச் சாலை போடும் வேலைக்காக 2008இல் இந்தப் பள்ளத்தாக்கைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. 1840 முதல் முப்பது வருடம்போல, அட்லாண்டிக்கில் அடிமைக் கப்பல்களைப் பிடித்த பிரிட்டிஷ் கடற்படை, அதில் இருந்த ஆப்பிரிக்கர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. 25,000 பேருக்கு மேல். பசியும் அம்மையும் வயிற்றுப்போக்குமாக வந்தவர்கள், சுமார் 8,000 பேர் இந்த மணலிலேயே புதைந்தார்கள். தோண்டியெடுத்தது 325 பேரை. குழந்தைகள் நிறைய. சிலரோடு பாசிமணிகள் இருந்தன, அவ்வளவு கொடுமைக்கு நடுவிலும் எப்படியோ ஒளித்துக் கொண்டுவந்த பாசிமணிகள். அந்த எலும்புகள் பெட்டிகளில் 14 வருடம் ஜேம்ஸ்டவுனில் ஒரு கிடங்கில் இருந்தன. 2022இல்தான் மறுபடி இங்கே அடக்கம் செய்தார்கள்.

பிழைத்தவர்களில் பெரும்பாலோரை மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அதே காலத்தில் மதராசிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் போன கப்பல்கள் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடமும் இந்தத் தீவுதான். தஞ்சாவூரிலும் ஆற்காட்டிலும் கிளம்பிய நம் ஜனம் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, கப்பல் தட்டிலிருந்து இந்தக் கறுப்புப் பாறையைத்தான் பார்த்திருக்கும். இறங்க விட்டிருக்கமாட்டார்கள். மணலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மின் நிலையத்தின் டீசல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏழாம் நாள், வெள்ளி

காலையில் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் ஜோனதனைப் பார்த்தேன். செஷல்ஸிலிருந்து 1882இல் வந்த ராட்சத ஆமை. வந்தபோதே முழு வளர்ச்சி என்பதால் 1832 வாக்கில் பிறந்ததாகக் கணக்கு. கண் தெரியாது, மோப்பம் கிடையாது, ஆனால் காலடி அதிர்வு கேட்டு முகத்தைத் திருப்புகிறார். ஐந்து பென்ஸ் காசில் இருக்கிறார். கழுத்தை நீட்டிப் புல்லைக் கடிக்கிற சத்தம் பக்கத்தில் நின்றால் கேட்கிறது, மாடு மேய்கிற சத்தம் போலவே.

மத்தியானம் வீட்டு அம்மா ப்லோ செய்து போட்டார். ஒரே பானையில் அரிசி, கறி, மசாலாத் தூள், மஞ்சள் நிறம். ப்லோ என்றால் வேறெதுவும் இல்லை, நம் புலாவ்தான், எந்தக் கம்பெனிக் கப்பலில் வந்ததோ. கூடவே சூரை மீன் கட்லெட், பச்சை மிளகாய் போட்டு. நன்றாகக் காரம் சேர்க்கிறார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்து அவர் கதை சொன்னார். 1673இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்த சாசனம், தீவில் பிறந்தவர்களுக்கு இங்கிலாந்தில் பிறந்தவர்களின் உரிமை எல்லாம் உண்டு என்றது. 1981இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அந்த உரிமையைப் பறித்தது. கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், ஆனால் பிரிட்டனில் குடியிருக்கும் உரிமை கிடையாது. ஃபாக்லாந்துக்காரர்களுக்குப் போர் முடிந்ததும் 1983இலேயே திருப்பிக் கொடுத்தார்கள், இவர்களுக்குக் கொடுக்கவில்லை. தேவாலயத்தில் கூடி மனு எழுதினார்கள், ஆணைக்குழு அமைத்தார்கள், வருடக்கணக்காகக் கேட்டார்கள். 2002 மே 21இல், தீவு கண்டுபிடித்து சரியாக 500 வருடம் முடிந்த நாளில், திரும்பக் கிடைத்தது. அந்த இருபது வருடத்தில் அவர் அசென்ஷனில் சமையல் வேலை பார்த்திருக்கிறார், மகளை இங்கே தன் அம்மாவிடம் விட்டுவிட்டு. மகள் நடக்கத் தொடங்கியதையும் பள்ளி போனதையும் கடிதத்தில்தான் படித்தார். அந்தக் கடிதங்களைக் காட்டினார். பிஸ்கெட் டப்பாவில் வருடவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். கட்டியிருந்தது ஃப்ளாக்ஸ் சணல்.

உரிமை கிடைத்ததும் மகளே இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். "கேட்டு வாங்கினோம், வாங்கியதும் பிள்ளைகள் போய்விட்டார்கள். தப்பாகக் கேட்டோம் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்" என்றார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பேரன் முகம் வந்தது. படம் ஒரு தடவைகூட உறையவில்லை.

எட்டாம் நாள், சனி

விமான நிலையத்தில் எழுதுகிறேன். மேகம் கீழே இறங்கியிருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் விமானம் இன்னும் வரவில்லை. யாரும் பதறவில்லை. ஊரில் பாதி இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன், வருகிறவர்களை அழைத்துப்போகவும் போகிறவர்களை அனுப்பவும்.

எனக்கு எதிரே ஒரு பத்தொன்பது வயதுப் பையன், முதல் தடவையாக வெளியே போகிறான், பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர. சுற்றிப் பதினான்கு பேர். பாட்டி அலுமினியத் தாளில் மீன் கட்லெட் பொதிந்து பைக்குள் திணிக்கிறார், அவன் வெளியே எடுக்கிறான், அவர் மறுபடி திணிக்கிறார்.

இப்போது எல்லோரும் எழுந்து கண்ணாடிப் பக்கம் போகிறார்கள். சத்தம் கேட்கிறது. மேகத்துக்குக் கீழே விளக்கு தெரிகிறது, ஆடி ஆடி வருகிறது, தரையைத் தொட்டுவிட்டது.

நான் பையை மூடவேண்டும். அந்த ஒரு சாண் கயிறு சட்டைப் பையில் இருக்கிறது.